101 ரம்மி: டிராப்பை எண்ணாமல் தோற்பவர்கள்

ஆப்களில் ‘பூல் ரம்மி’ என்ற பெயரில் வரும் 101, 201 ஆட்டத்தை (தோற்றால் பாயிண்ட் ஏறும், 101 அல்லது 201-ஐத் தொட்டவர் வெளியே, கடைசிவரை நிற்பவர் ஜெயிப்பார்) பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தாலே தெரிந்துவிடும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள் என்று. லைஃப் (ஜோக்கர் சேராமல் ஒரே இனத்தில் வரிசையாக அமைந்த சீட்டுகள்) இல்லாமல் டிக்ளேர் செய்து, அதாவது கை முடிந்தது என்று காட்டி, 80 பாயிண்ட் வாங்குவது, அடுத்தவருக்கு வேண்டிய சீட்டையே எறிவது, ராஜா ராணியைக் கடைசிவரை கையில் கட்டி வைத்திருப்பது போன்றவை நாலு முறை அடிபட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுவோம். நாலு வருஷம் ஆடியவரிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் தவறுகள்தான் பேசப்பட வேண்டியவை.

பழைய தீர்ப்பைக் காட்டிக் காசு கட்டுவது

“ரம்மி திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிடுச்சே” என்பார்கள். சொன்னது உண்மைதான். உச்ச நீதிமன்றம் 1968-லேயே ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே சொல்லி, தமிழ்நாட்டுச் சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் தடை செய்த அட்டவணையை ஏற்க மறுத்தது. ஆனால் 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தப் பேதத்தையே பார்ப்பதில்லை. காசு கட்டிக் காசு எதிர்பார்க்கும் ஆன்லைன் ஆட்டம் என்றால் திறமையோ அதிர்ஷ்டமோ, அதை நடத்தக் கூடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை. ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. பெயர் பெற்ற ஆப்கள் அந்த ஆகஸ்டிலேயே காசு மேசைகளை மூடிவிட்டன.

ஆகவே இன்றைக்கு “101, ₹100 மேசை” என்று டெலிகிராமில் ஓர் ஏபிகே லிங்க் (ஆப்பை நேரடியாக இறக்கும் கோப்பு) வந்தால், அதை அனுப்பியவர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர். அடையாளம் எளிது. யுபிஐயில் பணம் போகும் பெயர் நிறுவனத்தின் பெயராக இருக்காது, முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் பெயராக இருக்கும். அடுத்த முறை பார்த்தால் அந்தப் பெயரும் மாறியிருக்கும். ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் “முதலில் 30 சதவீத வரியைக் கட்டுங்கள், பிறகு விடுவிக்கிறோம்” என்று மெசேஜ் வரும். வரி அப்படி வசூலிக்கப்படுவதே இல்லை. காசு மேசைகள் நடந்த காலத்தில், 2023 ஏப்ரல் முதல், நிகர வெற்றியில் 30 சதவீதத்தை நிறுவனமே பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியது. பணம் கொடுப்பதற்கு முன்னால் வரி கேட்பவன் திருடன். ஒருவேளை பணம் வந்து சேர்ந்தாலும், அது வேறு யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படலாம்.

இனி வரும் கணக்கெல்லாம் இலவச சிப்ஸ் மேசைக்கும் வீட்டில் பாய் விரித்து ஆடும் ஆட்டத்துக்கும் பொருந்தும். ரூபாய் வரும் இடங்கள், காசு மேசைகளில் பணம் எப்படிக் கரைந்தது என்று காட்டுவதற்காக மட்டும்.

ஸ்கோரைப் பார்த்துவிட்டு டிராப்பை எண்ணாமல் இருப்பது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். கூட்டல் தெரிந்த யாரும் செய்யக் கூடாதது, ஆனால் எல்லோரும் செய்வது.

டிராப் என்றால் அந்தக் கையை ஆடாமல் கவிழ்த்துவிட்டு அதற்கான பாயிண்டை வாங்கிக்கொள்வது. 101 ஆட்டத்தில் முதல் டிராப் (சீட்டு எடுப்பதற்கு முன்) 20, மிடில் டிராப் (எடுத்த பிறகு) 40, ஆடித் தோற்ற முழுக் கை அதிகபட்சம் 80. ஸ்கோர் 101-ஐத் தொட்டால் வெளியே. உங்கள் ஸ்கோரை 100-லிருந்து கழியுங்கள், 20-ஆல் வகுங்கள், மீதியைத் தள்ளுங்கள். வருவதுதான் உங்கள் கையிருப்பு டிராப். ஸ்கோர் 0 என்றால் 5. 1 முதல் 20 வரை 4. 21 முதல் 40 வரை 3. 41 முதல் 60 வரை 2. 61 முதல் 80 வரை 1. 81 ஆகிவிட்டால் ஒன்றும் இல்லை. வருகிற கை எவ்வளவு குப்பையானாலும் ஆடியே தீர வேண்டும்.

இப்படிப் பார்த்தால் 22-ல் இருப்பவருக்கும் 39-ல் இருப்பவருக்கும் டிராப்பில் வித்தியாசம் இல்லை. 40-க்கும் 41-க்கும் நடுவில்தான் ஒரே பாயிண்டில் ஒரு டிராப் பறிபோகிறது.

ஸ்கோர் 41, கை சுமார் என்று வைத்துக்கொள்வோம். டிராப் செய்தால் 61, கையிருப்பு 1. ஆடித் தோற்று 39 பாயிண்ட் வாங்கினால் 80, கையிருப்பு அப்போதும் அதே 1. கையை 39-க்குள் அடக்கிவிட முடியும் என்று தோன்றினால், ஆடுவதற்கு டிராப் கணக்கில் செலவே இல்லை. ஜெயித்துவிட்டால் இரண்டு டிராப்பும் அப்படியே நிற்கும்.

அதே கை, ஸ்கோர் 60. டிராப் செய்தால் 80, கையிருப்பு 1. ஆடித் தோற்று வெறும் 21 வாங்கினாலே 81, கையிருப்பு பூஜ்யம். 41-ல் ஆட வேண்டிய கையை 60-ல் கவிழ்க்க வேண்டும்.

நடப்பது நேர்மாறு. 41-ல் “இன்னும் நிறைய இருக்கே, 20 போனால் போகட்டும்” என்று கவிழ்ப்பார்கள். 60 வந்ததும் “இனிமேல் ஜெயிச்சே ஆகணும்” என்று ரோஷம் வந்து, எதுவுமே சேராத கையோடு உட்கார்ந்துவிடுவார்கள். 61-ம் 80-ம் எல்லா வகையிலும் சமம் என்று சொல்லவில்லை. 61-ல் இருப்பவர் அடுத்த கையில் 19 வரை தோற்கலாம், 80-ல் இருப்பவருக்கு அந்த இடம் கிடையாது. ஆனால் அந்த 19-ஐக் காப்பாற்றுவதற்காக ஆடக்கூடிய கையைக் கவிழ்ப்பது நஷ்டக் கணக்கு.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகும் இந்த எல்லைக் கோடுதான் வழிகாட்டி. ஸ்கோர் 47 என்றால் 13-க்குள் தோற்றால் 60-ல் நிற்கலாம், இரண்டு டிராப்பும் மிஞ்சும். கையில் சேராமல் கிடப்பது 8, 5, 2 என்று 15 பாயிண்ட். எதிராளி ஓபன் டெக்கை (எறிந்த சீட்டுக் குவியலை) எடுக்கிற வேகத்தில் முடிக்கப்போவது தெரிகிறது. 8-க்கு ஜோடி வரும் என்று காத்திருக்காதீர்கள். அதை எறிந்துவிட்டுச் சின்னச் சீட்டு ஒன்று வந்தால் 13-க்குள் வந்துவிடலாம்.

மூன்று சீட்டு பார்த்துவிட்டு மிடில் டிராப்

மேலே சொன்ன தவறின் தம்பி. ஒரு கையை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு ஜோக்கர் (தொடக்கத்தில் வெட்டி எடுக்கும் சீட்டு, அதே எண்ணுள்ள எல்லாச் சீட்டும் ஜோக்கர்) கிளாவர் 2. கையில் வந்தவை: ஆர்ட்டின் 6, 7, ராஜா, இஸ்பேட் 3, ராணி, ராஜா, டைமண்ட் ஏஸ், 9, ஜாக்கி, கிளாவர் 4, 5, 8, 10.

புதியவர் கண்ணுக்கு இது உயிருள்ள கை. ஆர்ட்டின் 6-7 இருக்கிறது, இஸ்பேட் ராணி-ராஜா இருக்கிறது, கிளாவர் 4-5 இருக்கிறது, ராஜா ஜோடி வேறு. “ரெண்டு சீட்டு வந்தா போதும்” என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். ஜோக்கர் ஒன்றுகூட இல்லை. முதல் லைஃப் சேர உதவும் சீட்டுகள்: ஆர்ட்டின் 5 அல்லது 8, இஸ்பேட் ஜாக்கி அல்லது ஏஸ், கிளாவர் 3 அல்லது 6, டைமண்ட் 10, கிளாவர் 9. இரண்டு கட்டு என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு, மொத்தம் 16. இரண்டு அச்சு ஜோக்கரையும் (ஜோக்கர் என்றே அச்சிட்ட சீட்டுகள்) சேர்த்து 106 சீட்டில், வெட்டு ஜோக்கரும் உங்கள் 13-ம் போக மிச்சம் 92. ஒரு முறை எடுத்தால் சுமாராக ஆறில் ஒரு வாய்ப்பு. மூன்று முறை எடுத்த பிறகும் லைஃப் சேராமல் இருப்பதற்குத்தான் பாதிக்கு மேல் வாய்ப்பு. லைஃப் சேர்ந்தாலும் இரண்டாவது சீக்வென்ஸ் (வரிசை) இன்னும் பாக்கி.

அதுவரை கையின் மதிப்பு? கூட்டினால் 102. லைஃப் இல்லாததால் எல்லாமே கணக்கில் வரும், 80-ல் நிறுத்துவார்கள். ஆட்டத்தின் முதல் கையிலேயே இது வந்தது என்றால் கவிழ்த்தால் 20, கையிருப்பு 4. மூன்று சுற்று பார்த்துவிட்டு மிடில் டிராப் என்றால் 40, கையிருப்பு 3. விடாமல் ஆடி மாட்டினால் 80, கையிருப்பு 1. வேடிக்கை பார்த்த மூன்று சுற்றின் விலை ஒரு முழு டிராப். ஆடலாமா கவிழ்க்கலாமா என்பதை முதல் சீட்டு எடுப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும்; எடுத்த அந்த நொடியே 20 என்பது 40 ஆகிவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு சீக்வென்ஸும் சேர்ந்து, சேராத சீட்டு 30 பாயிண்ட்தான் இருக்கும். எதிராளி அவசரமாக ஆடுகிறாரே என்று பயந்து மிடில் டிராப்பை அழுத்துவார்கள். 30 கொடுத்துத் தோற்றிருக்க வேண்டியவர் தானே முன்வந்து 40 கொடுக்கிறார்.

61 ஆன பிறகு மிடில் டிராப்

61 கூட்டல் 40. வெளியே.

ஜோக்கர் வந்துவிட்டதே என்று ஆடுவது

வெட்டு ஜோக்கரின் மற்ற 7 சீட்டு, அச்சு ஜோக்கர் 2 என்று மொத்தம் 9 ஜோக்கர் சுற்றில் இருக்கின்றன. கணக்குப்படி பத்துக் கையில் ஏழில் ஒரு ஜோக்கராவது வரும். உங்களுக்கு வந்தது அதிசயம் இல்லை. எதிரே இருப்பவர்களிலும் பெரும்பாலோரிடம் இருக்கும். ஜோக்கர் லைஃப் ஆகாது.

மற்றவர் ஸ்கோரைப் படிக்காதது

81-ஐத் தொட்டவர் கவிழ்க்க முடியாமல் எல்லாக் கையும் ஆடிக்கொண்டிருப்பார். மேசையில் அப்படி இரண்டு பேர் இருந்து, உங்களிடம் 3 டிராப் இருந்தால், நடுத்தரக் கையைக்கூட நிம்மதியாகக் கவிழ்க்கலாம். அந்தக் கையை யார் முடித்தாலும் அவர்களில் ஒருவராவது அநேகமாக வெளியே போவார். 20 பாயிண்டில் மேசையைச் சின்னதாக்கிவிட்டீர்கள். கையிருப்பு டிராப் உள்ளவர் கவிழ்க்காமல் உட்கார்ந்தால் மட்டுமே அவர் கையில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். 95-ல் இருப்பவர் உட்கார்ந்தால் எதுவும் அர்த்தம் இல்லை, அவருக்கு வேறு வழியில்லை.

ரிஜாயின்

வெளியேறியதும் திரையில் ‘மீண்டும் சேர்’ என்று வருகிறதே, அது கோபத்தில் இருப்பவனுக்காகவே வைத்த பொத்தான். வழக்கமான விதி: 101 ஆட்டத்தில் மேசையில் யாருடைய ஸ்கோரும் 79-ஐத் தாண்டாவிட்டால் மறுபடி கட்டணம் கட்டிச் சேரலாம். 201-ல் அந்த எல்லை 174. சேர்ந்ததும் உங்கள் ஸ்கோர், மேசையிலேயே அதிகமான ஸ்கோருடன் ஒன்று கூட்டியது. ஒருவர் 74-ல் இருந்தால் நீங்கள் 75, கையிருப்பு 1. மற்ற நாலு பேர் 20, 30 என்று இருப்பார்கள்.

காசு மேசைக் காலத்துக் கணக்கு இது. ஆறு பேர், ஆளுக்கு ₹100, ஆப் கட்டணம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பரிசு ₹510. நீங்கள் மறுபடி ₹100 கட்டினால் 700-ல் கட்டணம் போக ₹595. அந்த நூறு ரூபாய் வீணாகாமல் இருக்க நீங்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு முறை ஜெயிக்க வேண்டும். ஆறு பேரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்போதுதான் ஆறில் ஒன்று. கடைசி ஆளாக 75-ல் நுழைகிறவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? போதாததற்கு 2023 அக்டோபரிலிருந்து கட்டும் தொகைக்கே 28 சதவீத ஜிஎஸ்டி. நூறு ரூபாய் கட்டினால் வரி போக நின்றது சுமார் 78. மிச்சத்தை போனஸ் என்ற பெயரில் சில ஆப்கள் ஈடுகட்டின, அது வேறு விஷயம்.

ரிஜாயினுக்கு ஓரளவு அர்த்தம் உள்ள நிலைமை ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கி இரண்டு மூன்று கையிலேயே நீங்கள் வெளியேறி, மேசையின் அதிகபட்ச ஸ்கோர் 40-க்குள் இருப்பது.

201-ஐ 101 போல ஆடுவது

அங்கே டிராப் 25, மிடில் 50, தொடக்கக் கையிருப்பு 8. எல்லைக் கோடுகள் 25-ன் மடங்கில் வரும். 176-ல் கையிருப்பு தீரும்.

போனை வைத்துவிட்டுப் போவது

பெரும்பாலான ஆப்களில் தொடர்ந்து மூன்று முறை நேரம் தவறினால் மிடில் டிராப். எழுந்து போக வேண்டுமானால் சீட்டு எடுப்பதற்கு முன்பே கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

ஸ்ப்ளிட் கேட்டதும் ‘சரி’ அழுத்துவது

கடைசி இரண்டு மூன்று பேர் மிஞ்சும்போது பரிசைப் பங்கிட்டுக்கொள்ளும் வசதி பல ஆப்களில் உண்டு. யாருக்கும் டிராப் மிச்சமில்லாமல் போனால் தானாகவே சமமாகப் பிரியும். அதற்கு முன்னால் என்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், பங்கு மீதமுள்ள டிராப்பைப் பொறுத்தது. ஸ்கோர் கணக்கில் வராது. இரண்டு பேர் மிச்சம், ஒருவர் 62, இன்னொருவர் 79 என்றால் இருவருக்கும் ஒரே டிராப், ஆகவே சம பங்கு. ஆனால் 62-ல் இருப்பவர் வெளியேற இன்னும் 39 பாயிண்ட் வாங்க வேண்டும், 79-ல் இருப்பவருக்கு 22 போதும். 18 வரை தோற்றாலும் 62-காரரின் டிராப் அப்படியே இருக்கும். மற்றவர் 2 வாங்கினாலே இழந்துவிடுவார். 79-ல் இருந்தால் உடனே கேளுங்கள். 62-ல் இருந்தால் இன்னொரு கை ஆடிவிட்டுப் பேசலாம் என்று மறுத்துவிடுங்கள்.