கூட்டுச் சமையலில் சொதி திரையாமல் இருக்க

கல்லடியில் 12 பேருக்கு இராச்சாப்பாடு, ஆளுக்கொரு கறி. வந்து சேர்ந்த சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) மட்டும் தண்ணி வேறு திப்பி வேறாகத் திரைந்து கிடந்தது. தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி விட்டபிறகு திரும்பச் சூடாக்கியதால் வந்த வினை.

அடுத்த முறை வெண்காயம், பச்சைமிளகாய், மஞ்சளைத் தேங்காயின் இரண்டாம் பாலில் (இரண்டாவதாகப் பிழிந்த தண்ணிப்பால்) அவித்து, அதை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். முதலில் பிழிந்த கட்டியான முதற்பால் 2 கோப்பை தனிப் போத்தலில், சுற்றிவர ஐஸ் போட்டு. பந்திக்குப் 10 நிமிடம் இருக்க, மெல்லிய நெருப்பில் முதற்பாலை விட்டுத் துழாவி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கினோம். கொதித்தால் போச்சு. கொஞ்சம் ஆறியபின்தான் புளி.

பிட்டை வீட்டுக்காரரே அவிக்கட்டும். தூரத்திலிருந்து வந்தால் காய்ந்துவிடும். 1.5 கிலோ வறுத்த அரிசி மா, 3 தேங்காய். நண்டுக்கறியைச் சூடாக்கலாம், உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள். வற்ற வற்றக் கரிக்கும்.