பாதியில் நின்ற பதிவிறக்கம்: மீதியைக் கேட்கும்போது நேரும் தவறுகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை உள்ள ஊர்களில், ஆனி ஆடி மாதங்களில் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிவிட்டால், பனைமட்டையோ தென்னைமட்டையோ கம்பியில் விழுந்து மின்சாரம் போவதும் அத்துடன் இணையம் அறுந்துபோவதும் அன்றாடக் காரியம். கைபேசி இணையத்தை நம்பலாம் என்றால், இந்தப் பக்கம் கேரள வட்டத்துக் கோபுரம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வட்டத்துக் கோபுரம் என்று வீட்டு முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் இடையிலேயே நெட்வொர்க் மாறிக்கொள்ளும். மாறும்போது ஐபி முகவரியும் மாறி, ஓடிக்கொண்டிருந்த இணைப்பு அறுந்துவிடும். எங்கள் பகுதியில் பெரிய கோப்பு எதுவும் ஒரே மூச்சில் இறங்குவதில்லை. ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்களுக்கு வசதி அன்று, பிழைப்பு.

நான் கவனித்துக்கொள்ளும் சிறிய கணினிப் பயிற்சி மையத்துக்குச் சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர் மடிக்கணினியோடு வந்தார். உபுண்டு இயங்குதளத்தை நிறுவுவதற்கான, ஐந்து ஜிபிக்கும் மேற்பட்ட ஐஎஸ்ஓ கோப்பை இரண்டு இரவுகளாக இறக்கியிருந்தார். "அண்ணா, ஃபைல் முழுசா எறங்கீருச்சுங்க, ஆனா இன்ஸ்டால் பாதீல நின்னு போகுதுங்க" என்றார். கோப்பின் அளவைப் பார்த்தேன். தளத்தில் குறிப்பிட்டிருந்த அளவோடு ஒரு பைட்கூடப் பிசகாமல் ஒத்திருந்தது. கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 எழுத்துச் சரத்தைக் கணக்கிட்டு, தளத்தில் இருந்ததோடு ஒப்பிட்டபோது முதல் நான்கு எழுத்துகளே ஒத்துவரவில்லை. கோப்பின் உள்ளடக்கத்தைப் பதினாறெண் வடிவில் விரித்துப் பார்த்ததில், நடுநடுவே திட்டுத் திட்டாக வெறும் பூஜ்ஜியங்கள் பக்கம் பக்கமாக ஓடின.

விசாரித்ததில் கதை விளங்கியது. முதல் நாள் ஏரியா2 என்னும் மென்பொருளில் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து இறக்கியிருக்கிறார். அந்த மென்பொருள் தொடங்கும்போதே கோப்பின் முழு அளவுக்கு வட்டில் இடம் பிடித்துவிட்டு, ஒவ்வோர் இணைப்பின் வழியாகவும் வெவ்வேறு பகுதியை நிரப்பும். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்ற கணக்கைப் பக்கத்தில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுதி வைக்கும். மின்சாரம் போய் வந்த பிறகு, அந்தச் சிறிய கோப்பைக் குப்பை என்று எண்ணி அழித்துவிட்டு, டபிள்யூகெட் மென்பொருளில் தொடரும் தெரிவைக் கொடுத்து மறுபடியும் ஓட்டியிருக்கிறார். டபிள்யூகெட் தன் கண்ணில் பட்ட கோப்பின் நீளத்தை எடுத்து, "இதற்குப் பின்னால் உள்ளதைக் கொடு" என்று சர்வரிடம் கேட்டது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லையாதலால் சர்வர் 416 என்ற நிலையெண்ணோடு மறுத்தது. கோப்பு முழுமையாக வந்துவிட்டது, செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று டபிள்யூகெட் அறிவித்தது. மூன்று தரப்பும் தத்தம் அளவில் ஒழுங்காகவே நடந்துகொண்டன. கோப்பு மட்டும் ஓட்டையாக இருந்தது. அளவு ஒத்துப்போவதைக் கோப்பே ஒத்துப்போவதாகக் கொள்வதுதான் இந்தத் துறையின் தாய்த்தவறு. மற்றவற்றில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள்.

கேட்பது வேண்டுகோள், கட்டளை அன்று

கோப்பின் ஒரு துண்டை மட்டும் கேட்கும் பகுதிக் கோரிக்கை என்பது, வலையில் கேட்டு வாங்குவதற்கான எச்டிடிபி நெறிமுறையின் 1997இல் வெளிவந்த 1.1 வரையறையிலேயே இடம்பெற்றது. 2014இல் ஆர்எஃப்சி 7233 என்று தனி ஆவணமாகி, 2022இல் ஆர்எஃப்சி 9110க்குள் சேர்க்கப்பட்டது. கோரிக்கையில் ரேஞ்ச் என்ற ஹெடரை (தலைப்புக் குறிப்பை) வைத்து "பைட்ஸ்=0-499" என்று எழுதினால் முதல் ஐந்நூறு பைட்டுகள் வரும். இரண்டு முனைகளும் கணக்கில் சேரும் என்பதை மறந்து, அடுத்த துண்டை 499இலிருந்து கேட்பவர்களும் உண்டு, 501இலிருந்து கேட்பவர்களும் உண்டு. முன்னவருக்கு ஒரு பைட் இரட்டிக்கும், பின்னவருக்கு ஒன்று காணாமற்போகும். "பைட்ஸ்=-500" என்றால் கோப்பின் கடைசி ஐந்நூறு பைட்டுகள்; அதை முதல் ஐந்நூறு என்று படித்து நிரல் எழுதியவரை நான் அறிவேன், அவர் வேறு யாருமல்லர், நான்தான்.

இதைவிடப் பெரிய தவறு, கேட்டபடியே வந்திருக்கும் என்று நம்பி, வந்ததை அப்படியே பழைய துண்டின் வாலில் ஒட்டுவது. ரேஞ்ச் ஹெடரைப் பொருட்படுத்தாமல் முழுக் கோப்பையும் 200 என்ற விடையோடு அனுப்பச் சர்வருக்கு முழு உரிமை உண்டு. பகுதியாக அனுப்பினால்தான் 206 என்று சொல்லும். நிலையெண்ணைப் பார்க்காமல் ஒட்டும் நிரல், பாதிக் கோப்பின் பின்னால் முழுக் கோப்பையும் சேர்த்து ஒன்றரைக் கோப்பு ஆக்கிவிடும். கர்ல் என்னும் பதிவிறக்க மென்பொருள் இந்த இடத்தில் கறாரானது: தொடரச் சொல்லிக் கேட்டும் சர்வர் அதை மதிக்கவில்லை என்றால், ஒட்டாமல் 33 என்ற பிழையெண்ணோடு நின்றுவிடும். விடுதிகளிலும் பேருந்து நிலையங்களிலும் உள்ள வைஃபையில் இன்னொரு கூத்து நடக்கும். நேரக்கெடு முடிந்ததும், குறியாக்கமில்லாத இணைப்பில் போகும் உங்கள் கோரிக்கையை மறித்து, உள்நுழைவுப் பக்கத்தை 200 என்ற விடையோடு அனுப்புவார்கள். ஐஎஸ்ஓ கோப்பின் நடுவில் "கைபேசி எண்ணை இடுக" என்ற வலைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

206 என்று வந்துவிட்டால் மட்டும் போதாது. கன்டென்ட்-ரேஞ்ச் என்ற ஹெடரில் எந்தப் பைட்டிலிருந்து எது வரைக்கும், மொத்தம் எத்தனை என்று எழுதியிருக்கும். தொடக்க எண் நாம் கேட்ட எண்தானா, மொத்தம் நேற்றுச் சொன்ன மொத்தம்தானா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். சர்வருக்கு இந்த வசதி உண்டா என்று முன்கூட்டியே அறிய, ஹெடர்களை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கையில் ரேஞ்ச் வைத்து அனுப்பிப் பார்ப்பது வீண் வேலை, ஏனெனில் வரையறை ரேஞ்சைக் கோப்பையே கேட்கும் கெட் கோரிக்கைக்கு மட்டுமே பொருள்படுத்தியுள்ளது. "பைட்ஸ்=0-0" என்று ஒரே ஒரு பைட்டைக் கெட் கோரிக்கையில் கேட்டுப் பாருங்கள்; 206 வந்தால் உண்டு, 200 வந்தால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

நேற்றைய கோப்பும் இன்றைய கோப்பும்

முதல் பாதி நேற்று வந்தது. இரவோடு இரவாகச் சர்வரில் கோப்பை அதே பெயரில் புதுப்பித்துவிட்டார்கள். மீதிப் பாதியை இன்று கேட்டால் புதிய கோப்பின் பின்பாதி வரும். இந்த ஒட்டுக்கன்றைத் தவிர்ப்பதற்காகவே இஃப்-ரேஞ்ச் என்ற ஹெடர் இருக்கிறது. கோப்பின் அந்தப் பதிப்பைக் குறிக்கச் சர்வர் முன்பு கோப்போடு அனுப்பிய ஈடேக் அடையாளத்தை அதில் வைத்துக் கேட்டால், "அதே கோப்பாக இருந்தால் மீதியைக் கொடு, மாறியிருந்தால் முழுவதையும் கொடு" என்று பொருள். உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் தொகுப்பு மேலாளர் இதை ஈடேக்குக்குப் பதிலாகக் கோப்பு மாறிய தேதியை வைத்து ஒழுங்காகச் செய்கிறது. டபிள்யூகெட்டின் கையேடோ, தன்னிடமுள்ள துண்டு சர்வரில் உள்ள கோப்பின் தொடக்கம்தானா என்று சரிபார்க்கத் தனக்கு வழியில்லை என்று நேர்மையாகவே ஒப்புக்கொள்கிறது, படிப்பவர்கள்தாம் குறைவு.

ஈடேக்கிலும் கவனம் வேண்டும். முன்னால் 'டபிள்யூ/' என்ற குறி இருந்தால் அது பலவீனமான அடையாளம்: பொருளளவில் அதே பக்கம், ஆனால் பைட்டுக்குப் பைட் அதேதான் என்ற உறுதி இல்லை. அதை இஃப்-ரேஞ்சில் வைக்கக் கூடாது. சர்வர் நடத்துவோர் பக்கத்தில் இதற்கு எதிர்த் தவறு உண்டு. ஒரே கோப்பை இரண்டு மூன்று சர்வர்களில் வைத்துச் சுமையைப் பங்கிடும்போது, ஒவ்வொன்றும் வேறு வேறு ஈடேக் கொடுத்தால், தொடரக் கேட்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து முழுக் கோப்பும் வரும். அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளின் பழைய பதிப்புகள், வட்டுக்கு வட்டு மாறும் கோப்பின் ஐநோடு எண்ணையும் ஈடேக்கில் சேர்த்ததால் இது தவிர்க்க முடியாமல் நேர்ந்தது. 2.4 பதிப்பில் மாற்றிய நேரமும் அளவும் மட்டுமே சேர்கின்றன. எஞ்சின்எக்ஸ் என்னும் மற்றொரு சர்வர் மென்பொருளும் அவ்வாறே செய்கிறது. ஆகவே கோப்பை நகலெடுக்கும்போது மாற்றிய நேரத்தையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

போகிற போக்கில் சுருக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சர்வர் ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்பினால், பைட் எண்கள் சுருக்கிய வடிவத்துக்கே உரியவை. விரித்துச் சேமித்த கோப்பின் நீளத்தை வைத்து மீதியைக் கேட்டால் தவறான இடத்திலிருந்து வரும். பெரிய கோப்புகளைச் சுருக்கமின்றிக் கேட்பதே நல்லது.

416ஐப் பொறுத்தவரை, அதைக் கண்டதும் "முடிந்தது" என்று கொள்வதும் தவறு, "கெட்டது" என்று எல்லாவற்றையும் அழிப்பதும் தவறு. அந்த விடையோடு பெரும்பாலும் கோப்பின் மெய்யான மொத்த அளவும் வரும். நம்மிடம் உள்ளது அதைவிடப் பெரிதாக இருந்தால் கோப்பு மாறிவிட்டது என்றே பொருள். சமமாக இருந்தால் ஷா-256 பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள், அவ்வளவே.

நடுவில் நிற்கும் ப்ராக்ஸி

குறியாக்கம் செய்த இணைப்புகளின் உள்ளே, பயனருக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளைக் கைமாற்றும் சாதாரண ப்ராக்ஸி எட்டிப் பார்க்க முடியாது. ஆயினும் உபுண்டு தொகுப்புகள் இன்றும் வழக்கமாகக் குறியாக்கமற்ற எச்டிடிபி வழியாக வந்து, கையொப்பத்தால் சரிபார்க்கப்படுகின்றன. ஆகவே முப்பது கணினிகள் உள்ள எங்களைப் போன்ற இடங்களில், ஒருமுறை வந்ததைக் கேஷில் சேமித்து அடுத்தவருக்கும் கொடுக்கும் ஸ்க்விட் என்னும் ப்ராக்ஸி இன்னும் சோறு போடுகிறது. அதை அமைப்பதில் நான் செய்த தவறுகளை வரிசையாகச் சொன்னால் இரண்டு கட்டுரைகள் ஆகும். பகுதிக் கோரிக்கை சம்பந்தமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஸ்க்விட் 206 விடைகளைச் சேமிப்பதில்லை. முழுக் கோப்பு கையிருப்பில் இருந்தால் அதிலிருந்து துண்டு வெட்டிக் கொடுக்கும். இல்லாவிட்டால் துண்டுக் கோரிக்கையை அப்படியே மேலே அனுப்பிவிட்டு, வந்ததைக் கைமாற்றிவிடும். துண்டு துண்டாக இறக்கும் மென்பொருள்களை எல்லாரும் பயன்படுத்தினால், முப்பது பேரும் ஒரே கோப்பை முப்பது முறை இழுத்த பிறகும் கேஷில் எதுவும் மிஞ்சாது. இதைக் கண்டு நான் ரேஞ்ச் ஆஃப்செட் லிமிட் என்ற அமைப்பை 'நன்' (none, வரம்பு இல்லை) என்று மாற்றினேன். அப்படிச் செய்தால், யார் எந்தத் துண்டைக் கேட்டாலும் ஸ்க்விட் கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி வரை இழுத்துச் சேமிக்கும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு ஜிபி கையில் வைத்துக்கொண்டு ஐந்தாவதை ஒருவர் கேட்டபோது, ஸ்க்விட் முதல் நான்கையும் இழுத்து முடிக்கும் வரை அவருக்கு ஒரு பைட்கூடப் போகவில்லை. அவருடைய மென்பொருள் காத்திருந்து காத்திருந்து இணைப்பை விட்டு, மறுபடியும் கேட்டது. பல இணைப்புகளைத் திறக்கும் மென்பொருளாக இருந்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு முழுக் கோப்பு இழுக்கப்படவும் கூடும். கேட்டவர் விலகிப் போனாலும் இழுப்பு நிற்காது என்பது இந்த அமைப்பின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை. அந்த வாரம் முழுதும் லைன் மூச்சுத் திணறியது.

இப்போது அந்த அமைப்பை ஆப்ட் தொகுப்புகள் வரும் முகவரிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அதோடு, கேஷில் சேமிக்கும் கோப்பின் உச்ச அளவு இயல்பில் 4 எம்பி மட்டுமே என்பதால், அதை உயர்த்தாமல் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை.

எஞ்சின்எக்ஸ் வேறு வழியில் போகிறது. அதில் 1.9.8 பதிப்பில் வந்த ஸ்லைஸ் தொகுதி, கோப்பைச் சம அளவுத் துண்டுகளாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே கேஷில் வைக்கும். துண்டின் எல்லையைக் கேஷ் சாவியில் சேர்க்க மறப்பதுதான் இங்கே அடிக்கடி காணும் தவறு. மறந்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே பெயரில் பதிவாகி ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரும். கேஷில் உள்ள துண்டுகளின் ஆயுள் முடியும் முன் மூலக் கோப்பை அதே பெயரில் மாற்றினால், ஈடேக் ஒத்துவராத துண்டைக் கண்டதும் எஞ்சின்எக்ஸ் பிழை பதிந்து இணைப்பை நடுவில் அறுத்துவிடும். பயனருக்கு எரிச்சல்தான், ஆனால் கலப்படக் கோப்பைக் கொடுப்பதைவிட அது மேல். மாற்றம் வந்தால் கோப்பின் பெயரையும் மாற்றுவதே இதற்கு மருந்து.

சர்வர் வைத்திருப்பவர்கள், ரேஞ்ச் ஹெடரில் வரும் எண்களை நம்பக் கூடாது. 2011இல், ஒன்றன்மேல் ஒன்று கவிந்த நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒரே கோரிக்கையில் கேட்டு அப்பாச்சி சர்வர்களின் நினைவகத்தைத் தின்னவைத்தார்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் எச்டிடிபி கூறில், 18446744073709551615 என்ற எண்ணைத் துண்டின் முடிவாகக் கொடுத்தே சர்வரைக் கவிழ்க்க முடிந்தது. பழைய பதிப்புகளை ஓட்டுவோருக்கு இது இன்றைய கவலை.

அந்த மாணவரின் கோப்புக்கு வருவோம். ஐந்து ஜிபியையும் மறுபடி இறக்க அவருடைய டேட்டா இடங்கொடுக்கவில்லை. உபுண்டு அதே கோப்பைப் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்க உதவும் டாரன்ட்டும் வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் தனித்தனி ஹாஷ் (ஷா-256 போன்ற கைரேகை) எழுதியிருக்கும். ஓட்டைக் கோப்பை டாரன்ட் மென்பொருளின் கையில் கொடுத்து, இருப்பதைச் சரிபார்க்கச் சொன்னோம். சில நிமிடங்களில் எந்தத் துண்டுகள் மெய், எவை பூஜ்ஜியம் என்று பிரித்துக் காட்டிவிட்டு, கெட்டவற்றை மட்டும் இறக்கத் தொடங்கியது. நடுவில் ஒருமுறை மின்சாரம் போனது. வந்ததும் தானாகத் தொடர்ந்தது. மாலையில் ஷா-256 ஒத்துவந்ததை, அவர் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.