கீழாநெல்லி தெரியுமா? அதன் சோடி தெரியுமா?

என் மாமியாருக்குச் செடிகள் தெரியும், பெயர்கள் தெரியாது. "அத்தை, இது என்ன செடி?" என்று கேட்டால், "அதா, அது பால் வராதது" என்பார். பக்கத்தில் இருப்பதைக் காட்டினால், "அது பால் வர்றது. ரெண்டையும் ஒரே மடியில போட்டுராத தாயி" என்பார். தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து கேட்கிறவளுக்கு இப்படிப் பதில் வந்தால் எரிச்சல் வராதா? எனக்கு வந்தது.

"பால் வராதது" பருப்புக்கீரை. தண்டு கொழுகொழுவென்று சிவந்திருக்கும், இலை தடித்திருக்கும், சின்ன மஞ்சள் பூ. கிள்ளினால் தண்ணீர்தான் கசியும். "பால் வர்றது" அம்மான் பச்சரிசிக்குச் சொந்தமான, தரையோடு ஒட்டிப் படரும் ஒரு பூண்டு. மழை பெய்த பத்து நாளில் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சிவப்பில் முளைக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கிள்ளினால் இதில் மட்டும் வெள்ளையாகப் பால் முட்டி நிற்கும். அத்தை எனக்குக் கீரையைச் சொல்லித் தரவில்லை, சோடியைச் சொல்லித் தந்தார். பச்சிலை பழக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். எந்தச் செடியையும் தனியாகப் படிக்காதீர்கள், அதைப் போலவே இருக்கும் இன்னொன்றோடு சேர்த்துப் படியுங்கள்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அத்தை போன பிறகு, தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்ச மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று ஒரு கொடியை இரண்டு மாதம் பறித்தேன். மஞ்சள் பூ, சொரசொரப்பான இலை, தரையில் வேர்விட்டுப் படரும் தண்டு, எல்லாம் பொருந்தியது. தாவரவியல் படிக்கிற எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பூங்காவில அழகுக்கு வைக்கிற கொடி" என்றான். அந்தக் கொடியின் இலை ஓரத்தில் இரண்டு பக்கமும் ஒரு மடல் பிதுங்கி, மூன்று பிரிவாகத் தெரியும். பளபளப்பும் கூடுதல். மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை நீளவாக்கில், மடல் இல்லாமல் இருக்கும். நான் பூவை மட்டும் பார்த்தேன், இலை ஓரத்தைப் பார்க்கவில்லை. தலையில் தேய்த்ததோடு போனது, குடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். கூடவே, தையல்காரி வீட்டில் எப்போதும் கிடக்கும் வெட்டுத்துணியைக் கிழித்து வைத்துக்கொண்டேன். சந்தேகமுள்ள செடியின் தண்டில் வெள்ளைத் துணி. தொடவே கூடாதது என்று தெரிந்தால் சிவப்பு. பூ, காய், விதை மூன்றையும் பார்த்து, தெரிந்தவர் ஒருவரிடமும் காட்டி உறுதியான பிறகே பச்சை. துணி கட்டுவது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அதே செடியை நான்கு வாரம் கழித்துப் போய்ப் பார்க்க வேறு வழி இல்லை. முளைத்தபோது ஒரு முகம், பூத்தபோது ஒரு முகம், காய்ந்தபோது இன்னொரு முகம் செடிக்கு. பூ வராத செடியைப் பறிப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலத்துக்கு மூன்று செடி போதும். முப்பது செடியை ஒரே வாரத்தில் காட்டும் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். ஒரு சாண் உயரம் வரும். பார்க்கப் புளியங்கன்று மாதிரி. உற்றுப் பார்த்தால், ஒரு கூட்டிலை போலத் தெரிவது உண்மையில் ஒரு சிறு கிளை. அதில் இரண்டு பக்கமும் மாறி மாறிக் குட்டி இலைகள். அந்தக் கிளையைத் திருப்புங்கள். அடியில் வரிசையாக, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாகப் பச்சைக் காய்கள் தொங்கும். ஒவ்வொரு காய்க்கும் கண்ணுக்குத் தெரியும் ஒரு காம்பு இருக்கும், காயின் தோல் வழவழப்பாக இருக்கும். இப்போது சோடிக்கு வாருங்கள். சிவப்புக் கீழாநெல்லிக்குத் தண்டு சிவந்திருக்கும், காய் காம்பில்லாமல் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், விரலில் உருட்டினால் சொரசொரக்கும். மேலாநெல்லிக்கு இலை நீண்டு, நுனி அகன்று ஆப்பு மாதிரி இருக்கும். ஒரு லென்ஸ் இருந்தால் நல்லது. எனக்கு ஊசியில் நூல் கோர்க்க வைத்திருந்த பூதக்கண்ணாடியே போதுமானதாக இருந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். கீழாநெல்லியைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், மஞ்சள் காமாலைக்கு வீட்டில் அரைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். கண் மஞ்சளாவது நோயில்லை, அடையாளம். கிருமித் தொற்றால் வரும், பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் வரும், எலிக்காய்ச்சலிலும் வரும். எங்கள் தெருவில் ஒருவர் பன்னிரண்டு நாள் மோரில் கலக்கிக் குடித்துக் காத்திருந்தார். அடைத்திருந்தது கல். கல்லுக்குக் கீழாநெல்லி என்ன செய்யும்? முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு மற்றது.

பெயரை நம்பாதீர்கள், அதுவும் ஒரு பாடம். நிலவேம்பைச் சிலர் சிறியாநங்கை என்பார்கள், சிலர் சிறியாநங்கை வேறு என்று சண்டைக்கு வருவார்கள். டெங்கு காலத்தில் அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று 9 சரக்குகள் உண்டு. கொல்லையில் பறித்த கசப்பு இலையைக் கொதிக்க வைத்துவிட்டு அதே பெயரைச் சொன்னால் அது அதுவாகிவிடாது.

நல்ல செடிகளுக்கு முன்னால் கெட்டதைப் படித்துவிடுங்கள். பட்டியல் சின்னதுதான். செங்காந்தள் நம் மாநில மலர், இலை நுனி சுருண்டு பற்றிப் படரும், பூ தீ எரிவது போல. அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்போம். சாப்பிடும் கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிர் போனவர்கள் உண்டு. அதிலுள்ள கோல்ச்சிசின்தான் விஷம். அதே கோல்ச்சிசின், டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் கௌட் மூட்டுவலிக்கு மருந்து. திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள். ஊமத்தை, அரளி, குன்றிமணி, ஒடுவந்தழை இந்த நான்கும் அதே வரிசை. எருக்கம்பாலைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழி கெடும். பார்த்தீனியத்தை மாசிபத்திரி என்று பறித்தவர்களுக்குக் கையெல்லாம் தடிப்பு.

பாரம்பரியம் என்றாலே பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஆடுதின்னாப்பாளையைக் காட்டுவேன். நம் மருந்துகளில் பேர் பெற்ற செடிதான். ஆனால் அந்தக் குடும்பத்துச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் வரவைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இதை மனிதருக்குப் புற்று உண்டாக்குவது என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. என் நோட்டில் அதற்குச் சிவப்புத் துணி. அத்தை இருந்திருந்தால் கோபித்திருப்பார், பரவாயில்லை.

நாக்கால் சோதிக்காதீர்கள். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சர்க்கரை மண்ணாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதைப் போலவே சுற்றிப் படரும் நஞ்சறுப்பான் இலையை மென்றால் வாந்திதான் வரும். மென்ற பிறகு தெரிந்து என்ன பயன்?

பறிக்கும் இடம்: சாக்கடை ஓரம் வேண்டவே வேண்டாம். வல்லாரைக்குச் சாக்கடையோரம் ரொம்பப் பிடிக்கும், கொழுத்து வளரும். ஆனால் அது நின்ற நீரிலுள்ள உலோகங்களையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். (அதற்கும் சோடி உண்டு. வல்லாரையில் காம்பு இலையின் வெட்டு உள்ள ஓரத்தில் சேரும். வட்டவட்டமாக அழகுக்கு வைக்கும் செடியில் காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி மாதிரி சேரும்.) களைக்கொல்லி அடித்த வரப்பில் இலை ஓரம் மஞ்சளாகவோ நுனி கருகியோ இருக்கும். இரண்டு நாள் முன் அடித்திருந்தால் அதுவும் தெரியாது, அதனால் நிலத்துக்காரரைக் கேட்காமல் பறிப்பதில்லை. வேரோடு பிடுங்காமல் கிள்ளுங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

முதல் சமையலுக்குப் பிரண்டையைச் சொல்வேன், அடையாளத்தில் குழப்பம் குறைவு. நான்கு பட்டையான தண்டு, கணுக்கணுவாக. நுனியிலிருந்து மூன்று நான்கு கணு மட்டும் ஒடியுங்கள். நகத்தால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் நார். கையில் நல்லெண்ணெய் தடவாமல் தொடாதீர்கள். முதல் தடவை வெறுங்கையால் நறுக்கி, அன்றைக்கு முழுக்க ஊசி பிடிக்க முடியாமல் அரிப்பில் துடித்தேன். பிரண்டையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருப்பதுதான் காரணம். பட்டையோரத்து நாரை உரித்து, கணுவை வெட்டி எறிந்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறிப் பழுப்பேறும்வரை வதக்குங்கள். பாதியில் இறக்கினால் தொண்டை நமைச்சல் நிச்சயம். பிறகு மிளகாய், உளுந்து, கொஞ்சம் தாராளமாகப் புளி வைத்து அரையுங்கள். புளியைக் குறைக்காதீர்கள். சிறுநீரகக் கல் இருக்கிறவர்கள் வீட்டில் இதைச் செய்வதில்லை.

முடக்கத்தானும் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. காற்றடைத்த பை மாதிரிக் காய், உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவம். அந்த விதையைப் பார்த்தபின் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. மாவில் அரைத்துத் தோசை சுட்டால் கசப்பும் தெரியாது.

எண்ணெய் காய்ச்சுவதில் ஒன்றே ஒன்று: சாற்றின் தண்ணீர் முழுக்கப் போக வேண்டும். வெள்ளைப்பூ கரிசலாங்கண்ணிச் சாறு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் இரண்டு பங்கு, இரும்புச்சட்டி, சின்னத் தீ. சடசடப்பு அடங்கும்போது சட்டியின் அடியில் படியும் கசண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். மெழுகாக உருண்டால் இன்னும் நேரமிருக்கிறது, மணலாக உதிர்ந்தால் இறக்கலாம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஈரம் நின்றால் பத்து நாளில் சிக்கு வாடை.

அளவு பற்றிப் பழைய சொற்கள் இரண்டு: மூன்று விரல் நுனியில் எடுப்பது திரிகடி, ஐந்து விரல் நுனியில் அள்ளுவது வெருகடி, அதாவது காட்டுப்பூனைக் கால் அளவு. பெயர் அழகுதான், ஆனால் என் வெருகடியும் என் மருமகனின் வெருகடியும் ஒன்றில்லை. சமையலறைத் தராசு வைத்து நோட்டில் கிராம் எழுதுங்கள். முதல் தடவை எந்தச் செடியானாலும் தனியாக, கொஞ்சமாக, பகலில். மூன்று மூலிகை சேர்த்துக் குடித்துத் தடித்துப்போனால் எதைக் குற்றம் சொல்வீர்கள்?

சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சிறுகுறிஞ்சானையும் சேர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கலாம். கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடை கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும். குப்பைமேனி எல்லோருக்கும் ஒத்துவராது. ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால் இரத்த அணுக்கள் உடையும், சிறுநீர் கறுத்துப் போகும். எனவே வெளிப்பூச்சோடு நிறுத்திக்கொள்கிறேன். கைக்குழந்தைகளுக்கு நான் எதுவும் கொடுப்பதில்லை, அக்கம்பக்கத்தார் கேட்டாலும் கொடுப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் பல இடங்களில் சித்தப் பிரிவு இருக்கிறது. செடியைக் காகிதத்தில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டினால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

யாராவது தவறாகத் தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, தின்ற செடியின் இலை, பூ, காய் எது இருக்கிறதோ அதைக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கு அதுதான் முதல் தேவை.

இப்போது கொல்லையில் மூன்று வெள்ளைத் துணி கட்டியிருக்கிறேன். இரண்டு மூக்கிரட்டையா சாரணையா என்ற வழக்கு. பூ இலைக்கக்கத்துக்குள் புதைந்து உட்கார்ந்தால் சாரணை, நீளக் காம்பில் எட்டிப் பார்த்து, காய் விரலில் ஒட்டினால் மூக்கிரட்டை. ஒன்று நேற்று மொட்டு விட்டது. மூன்றாவது எதுவென்று இன்னும் தெரியவில்லை, பால் மட்டும் வருகிறது.