டிராஃப்ட் பார்த்துச் சரக்கின் எடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நிலக்கரி, கோதுமை என்று மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்களில் பதினான்கு வருடமாக டிராஃப்ட் சர்வே செய்கிறேன். டிராஃப்ட் என்பது கப்பல் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "75,000 டன் கப்பலில் 75,000 டன் சரக்கு ஏறுமா?" ஏறாது. அந்த எண் டெட்வெயிட், அதாவது கப்பல் சுமக்கக்கூடிய மொத்த எடை. சரக்கோடு எரிபொருள், குடிநீர், பாலாஸ்ட் தண்ணீர் (கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் நிரப்புவது), ஆட்கள், சாமான்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். கிராஸ் டன்னேஜ் என்பது கப்பலின் உள்கொள்ளளவிலிருந்து வருவது, எடையே இல்லை.

சரக்கு எவ்வளவு என்பதை, ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுகிறோம்.

முன், நடு, பின் என இரு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில் டிராஃப்ட் படியுங்கள். கப்பலின் பக்கத்தில் மீட்டர் அளவில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணும் 10 செ.மீ. உயரம், எண்ணின் அடிவிளிம்புதான் அந்த அளவு. மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்து எழுதாதீர்கள். கடல் பக்கத்துக்குப் படகில் போய், தண்ணீர் மட்டத்துக்கு நெருக்கமாக நின்று படியுங்கள். அலை அடித்தால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பலமுறை குறித்துச் சராசரி எடுங்கள். இந்த அளவுக் கப்பலில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 65 டன்.

ஒவ்வொரு இடத்திலும் இரு பக்க அளவுகளின் சராசரியை எடுங்கள். நடு அளவை ஆறால் பெருக்கி, முன், பின் அளவுகளைக் கூட்டி எட்டால் வகுத்தால், கப்பல் நடுவில் தொய்ந்தோ புடைத்தோ இருப்பதும் கணக்கில் வந்துவிடும். அந்த அளவுக்குரிய மொத்த எடையைக் கப்பலின் ஹைட்ரோஸ்டாடிக் அட்டவணையில் எடுத்து, டிரிம் (முன், பின் டிராஃப்ட் வித்தியாசம்) காரணமான திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீரின் அடர்த்தி. பெரும்பாலான அட்டவணைகள் கடல்நீரின் 1.025 அடர்த்திக்குப் போட்டவை. ஆரம்ப நாட்களில், ஆற்றுமுகத் துறைமுகம் ஒன்றில், காலையில் அளந்த 1.025-ஐயே மாலைக் கணக்கிலும் எழுதிவிட்டேன். அதற்குள் ஆற்று நீர் கலந்து 1.015 ஆகியிருந்தது. அட்டவணை காட்டிய 80,000 டன்னை 1.015-ஆல் பெருக்கி 1.025-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 780 டன் குறைகிறது. இல்லாத சரக்கை ஏறியதாக எழுதியிருந்தேன். சீஃப் ஆபீசர் கவனித்துச் சொன்னதால் தப்பியது. அன்றிலிருந்து டிராஃப்ட் படித்த கையோடு, அமிழ்ந்த ஆழத்தின் பாதியிலிருந்து தண்ணீர் எடுத்து ஹைட்ரோமீட்டரில் பார்த்துவிடுகிறேன்.

பாலாஸ்ட் தொட்டிகளைக் காலி என்று சொன்னாலும் சவுண்டிங் நாடா (தொட்டியில் உள்ள நீரின் ஆழம் அளக்கும் நாடா) விட்டு அளந்துவிடுங்கள். இரு முறையும் பாலாஸ்ட், எரிபொருள், குடிநீர் எடைகளைக் கழியுங்கள். மிஞ்சும் இரண்டு எண்களின் வித்தியாசம்தான் சரக்கு.