பழைய அவுட்போர்டு மோட்டாரில் எரிபொருள் கோளாறு: கார்புரேட்டரைக் கடைசியில் திறவுங்கள்

பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி கரைகளில் பைபர் படகின் பின்புறம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார் கிளம்ப மறுத்தால், கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தபின் பெரும்பாலோர் முதலில் கழற்றுவது எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரைத்தான். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒருமுறை குந்துகால் கரையில் அரை நாள் செலவிட்டு அதை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தேன். கோளாறோ எரிபொருள் குழாயை மோட்டாரில் மாட்டும் இணைப்பின் ஓரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தில்), கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு வெடிப்பாக இருந்தது. அன்றிலிருந்து டேங்கில் தொடங்கி, எரிபொருள் செல்லும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கோளாறு எரிபொருளில்தானா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பலமுறை இழுத்தபின், தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை, ஆகவே தீப்பொறியையோ எரிபொருளில் கலந்த தண்ணீரையோ சந்தேகிக்கலாம். பிளக் காய்ந்திருக்கும்போது அந்தத் துளைவழியே ஆயில் கலந்த பெட்ரோலை அரைத் தேக்கரண்டி விட்டு, பிளக்கை மாட்டி இழுத்தால் மோட்டார் இரண்டு மூன்று நொடி ஓடி நின்றுவிடுமானால், தீப்பொறி நன்றாக இருக்கிறது என்றும், குறை எரிபொருள் வழியில்தான் என்றும் முடிவு செய்யலாம். இந்த வேலைகளின்போது மோட்டார் ஆறியிருக்க வேண்டும், காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது.

டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா என்று கேட்டால் பலருக்குக் கோபம் வரும். ஆனாலும் கரையில் நன்றாகக் கிளம்பி, சற்றுத் தூரம் போனதும் மூச்சுத் திணறுவதுபோல் தடுமாறி நிற்கும் மோட்டாருக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுவே. மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால், காற்று வழி அடைபட்டிருந்தது என்று பொருள். உப்பு படிந்தும் அது அடைபடும்.

அடுத்தது குழாயின் நடுவிலுள்ள, கையால் அழுத்தி எரிபொருளை ஏற்றும் ரப்பர் பல்ப். அதன் மேலிருக்கும் அம்புக்குறி மோட்டாரை நோக்கியிருக்க வேண்டும். அழுத்தும்போது மோட்டார் பக்க முனை மேல்நோக்கி இருக்குமாறு பிடித்தால் உள்ளிருக்கும் வால்வுகள் சரியாக மூடும். சில தடவை அழுத்தியதும் பல்ப் கெட்டியாக வேண்டும். அழுத்திய பல்ப் மீண்டும் உப்பாமல் சப்பையாகவே கிடந்தால் அடைப்பு டேங்குக்கும் பல்புக்கும் இடையில், அநேகமாக டேங்கின் உறிஞ்சு குழாய் முனையிலுள்ள வலையில் இருக்கும். எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகாமல் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் அதன் கிண்ணத்தில் எரிபொருள் நிறைந்ததும் வரத்தை அடைக்க வேண்டிய, மிதவையின் ஊசி வால்வு மூடவில்லை. எதுவும் வழியாமல் இருந்தால் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வுகளே தேய்ந்துவிட்டன. காற்று இழுக்கும் இடத்தில் பெட்ரோல் வெளியே கசியாது என்பதால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். மோட்டாரின் பம்புக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்கு, உள்ளிருப்பது தெரியக்கூடியதும் பெட்ரோலைத் தாங்கக்கூடியதுமான குழாயைப் பொருத்தி ஓடவிட்டால், மணிமணியாக ஓடும் காற்றுக் குமிழ்களைப் பார்க்கலாம். பிறகு இணைப்புகளையும் ஓரிங்குகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப்பார்த்து, எப்போது குமிழ் நிற்கிறது என்று கவனிப்பதே வழி.

பழைய ரப்பர் குழாய்க்கு இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்வதில்லை. 2023 முதல் இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் பழைய ரப்பரை உள்ளிருந்து மென்மையாக்கி உரியவைக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். குழாயை வளைத்துப் பார்க்கும்போது உட்பகுதியிலிருந்து கறுப்புச் செதில் உதிர்ந்தால், பில்டரை மட்டும் கழுவி நேரத்தை வீணாக்காமல் குழாயையே மாற்றிவிடுங்கள்.

பல்பு கெட்டியாக இருந்தும், ஓடும்போது அதைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் மோட்டார் ஓடுகிறது என்றால் பெட்ரோல் பம்ப் பலவீனமாகியிருக்கும். கிரான்க் அறையின் அழுத்த மாற்றத்தால் அசையும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வுதான் இந்தப் பம்பின் உயிர். திருகுகளைக் கழற்றி அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசித் துளைகூடத் தெரியும். கிழிந்ததை ஒட்ட முயலாமல் புதியது போட வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்லியாக வேண்டும். இவை பெட்ரோலில் கிளம்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. கரை சேரும் அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால், கார்புரேட்டர் கிண்ணத்தில் அதுவே தங்கும். மறுநாள் குளிர்ந்த மோட்டார் அதில் பற்றாது. இதைக் கோளாறென்று எண்ணிப் பலர் மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்து, எரிபொருள் வால்வைப் பெட்ரோல் பக்கம் திருப்பி, பல்பை அழுத்தினால் போதும். கரை சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்கு மாற்றிவிடுவது இந்தச் சிக்கலே வராமல் தடுக்கும்.

இத்தனைக்கும் பிறகே கார்புரேட்டரைக் கழற்றுங்கள். அதற்கும் முன்னால் அடித் திருகைத் திறந்து, கிண்ணத்தில் உள்ளதை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துச் சற்றுநேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள்: தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். அப்படியானால் டேங்கையும் காலி செய்து துடைக்க வேண்டும். கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த நாளே கோளாறு திரும்பும். தண்ணீர் இல்லாமல், பழுப்பு நிறப் பிசின்போல் படிந்திருந்தால், அது வாடைக்காலத்தில் கரையேற்றி மாதக்கணக்கில் நின்ற படகின் பழைய பெட்ரோல். எரிபொருள் அளவாகச் செல்லும் பித்தளைத் துண்டான ஜெட்டின் துளையை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை அகன்றால் எரிபொருள் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் இழையை) நுழைத்து எடுத்து, காற்றால் ஊதினால் போதுமானது. மிதவைக்குள் எரிபொருள் புகுந்து கனத்திருக்கிறதா, ஊசியின் நுனியில் வளையம்போல் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாட்டி முடித்ததும், தண்ணீர் நிறைந்த டிரம்மில் மோட்டாரின் அடிப்பகுதியை மூழ்கவைத்தே ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் குளிர்நீர்ப் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சிறிது நேரத்திலேயே கருகிவிடும். ஆயில் கலவையை மோட்டாரின் கையேடு சொல்வதுபோலவே வையுங்கள்: 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் ஆயில்.

கடலில் நின்றுபோனால், ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு நங்கூரத்தைப் போடுங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால் நங்கூரம் பெரும்பாலும் தரையைப் பிடிக்கும். நீரோட்டம் எல்லைக்கோட்டுப் பக்கம் இழுத்துச் செல்லாமலும் இருக்கும். அதன்பின் காற்றுத் திருகு, பல்ப், ஓரிங், கிண்ணத்திலுள்ள தண்ணீர் என்ற வரிசையில் பாருங்கள். இதற்காகப் படகில் மாற்று பிளக், ஓரிங்குகள், ஒரு முழம் குழாய், இரண்டு கிளிப் ஆகியவற்றை மூடிபோட்ட டப்பாவில் வைத்திருங்கள். அவற்றாலும் முடியவில்லையென்றால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அழைக்கலாம்.