செங்கோட்டைக்குப் போக சென்னையில் ஏன் இறங்கணும்?

லண்டனில் டிக்கெட் போடப் போனால், 'தமிழ்நாடு' என்றதுமே கை தானாகச் சென்னைக்குப் போகும். செங்கோட்டை, தென்காசி, புளியரைப் பக்கத்துக்காரர்களுக்கு அது வீண் அலைச்சல். நாம் இறங்க வேண்டியது திருவனந்தபுரம்.

லண்டன்–சென்னை சுமார் 8,200 கி.மீ.; நேரடி விமானம் என்றால் பத்து மணி நேரம். அங்கிருந்து ஊருக்கு இன்னும் 600 கி.மீ.க்கு மேல். விடிகாலையில் இறங்கினால் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற ராத்திரி வரை காத்துக்கிடக்கணும். இரண்டு பிள்ளைகளையும் நாலு பெட்டியையும் வைத்துக்கொண்டு ஒருமுறை கிடந்திருக்கிறேன், போதும்.

லண்டன்–திருவனந்தபுரம் சுமார் 8,400 கி.மீ. துபாயில் விமானம் மாறுவது பெரிய சுற்று என்றுதான் நானும் நினைத்தேன். லண்டன்–துபாய் 5,500, துபாய்–திருவனந்தபுரம் 2,950. கூட்டிப் பாருங்கள், ஐம்பது கி.மீ.தான் கூடுதல்! பறப்பது ஏழும் நாலும் பதினோரு மணி நேரம். நடுவில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்கு 3,100 கி.மீ.தான், நேரடி விமானம் கிடைத்தால் நாலரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டனைவிட நம்மூர் ஐந்தரை மணி நேரம் முந்தி, கோடையில் நாலரை. கிளம்பிய மறுநாள் இறங்குவதும் உண்டு; அதனால் ஊருக்குப் போக வாடகை வண்டிக்குச் சொல்லும்போது இறங்கும் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரும்பும்போது எதிர்காற்று, ஒரு மணி நேரம் கூடவே ஆகும்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு (சாமி கடலில் நீராடப் போகும்) ஊர்வலம் திருவனந்தபுரம் ஓடுபாதையைக் கடந்துதான் கடலுக்குப் போகும். அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானமே கிடையாது. அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சாலை. நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்தூப்புழை, தென்மலை, ஆரியங்காவு, புளியரை. ஏறக்குறைய 100 கி.மீ.தான், ஆனால் மூன்று மணி நேரம் பிடிக்கும். வளைவுக்கு வளைவு லாரி நிற்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வண்டி வேறு. இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

வாடகை பேசும்போது, "அண்ணாச்சி, பர்மிட் சேர்த்துத்தானே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாநில எல்லை தாண்டும் வாடகை வண்டிக்கு வரி உண்டு. கேட்காவிட்டால் புளியரை செக்போஸ்ட் பக்கத்தில் பேச்சு மாறும்.

ஜூன், ஜூலையில் வருகிறவர்கள் மேலே கேரியரில் பெட்டி கட்டினால் தார்ப்பாய் இருக்கிறதா என்று டிரைவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும்போது வெயிலடிக்கும். ஆரியங்காவில் மழை பிடித்துக்கொள்ளும்; புளியரை இறக்கத்தில் கீழே வயல் தெரிவதற்குள் அட்டைப்பெட்டி கூழாகியிருக்கும்.