முகம் தெரியாதவங்களுக்கு ஆறுதல் சொல்றப்ப பண்ற தப்புகள்

கூடலூர்ல எங்க தெருப் பசங்க ராத்திரி ஆனா போன்ல யார் யாருக்கோ ஆறுதல் சொல்லிட்டு இருக்காங்க, நல்ல மனசுதான், ஆனா நான் ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்து. திட்டாதீங்க, கிண்டல் பண்ணாதீங்கங்கறதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, விட்டுடறேன்.

"எப்ப வேணா மெசேஜ் பண்ணு, நான் இருக்கேன்"

இதக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இருக்க முடியாதுப்பா! ஜூன், ஜூலைல கூடலூர், பந்தலூர் பக்கம் மழை எப்படி அடிக்கும்னு தெரியும்ல, மரம் லைன் மேல சாஞ்சா கரண்ட் போயிடும், டவர்ல பேட்டரி தீந்துச்சுன்னா சிக்னலும் போச்சு. ஒரு தம்பி இப்படித்தான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்கற ஒருத்தருக்கு வாக்குக் குடுத்தான், அதோட நிக்காம "வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம், என்கிட்ட சொன்னா போதும்"னு வேற. மழை பிடிச்சுது. சிக்னல் திரும்பி வந்தப்ப ஸ்க்ரீன் பூரா "இருக்கீங்களா?", "அண்ணா, இருக்கீங்களா?", கடைசியா "சரி, நீங்களும் அவ்ளோதான்". அதோட பிளாக். அந்தாளு என்ன ஆனார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

முதல் நாளே சொல்லிடுங்க: "ராத்திரி பத்து மணி வரைக்கும்தான் பாப்பேன், மழைன்னா எங்க ஊர்ல சிக்னல் நிக்காது, பதில் வரலன்னா கோவம்னு நினைக்காதீங்க." அவருக்குப் பக்கத்துல யார் இருக்காங்க, அக்காவா, ரூம்மேட்டா, அதையும் கேட்டு வைங்க. டெலி மானஸ்னு மனநல உதவி லைன் ஒண்ணு இருக்கு, நம்பர் 14416, மத்திய அரசு 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம். அத அப்பவே குடுத்துடணும். நிலைமை முத்தினப்புறம் குடுத்தீங்கன்னா, கைகழுவி விடறாங்கன்னுதான் அவங்களுக்குப் படும்.

சாகணும்னு சொன்னா பேச்ச மாத்தறது

"தற்கொலை பண்ணிக்கற யோசனை இருக்கா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்ங்கறது கட்டுக்கதைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஏதாவது குடிச்சிட்டேன்னு சொன்னா பேசிட்டே இருக்காதீங்க, எங்க இருக்காருன்னு கேட்டு 108க்குப் போடுங்க. போலீஸ் கேஸாகும்னு பயப்படுவாங்க. 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவுல, முயற்சி பண்ணினவங்க கடும் மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு இருக்கு.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்"

பண்ணாதீங்க.

மாத்திரை பேர் சொல்றது

நீங்க டாக்டரா?

ஸ்க்ரீன்ஷாட்

"பேர மறைச்சுட்டேன்ல"ன்னு சொல்லிட்டு குரூப்புல போடறாங்க. எஸ்டேட் லைன் வீடு, டீ ஃபேக்டரில நைட் ஷிஃப்ட், ரெண்டாவது பொண்ணுக்கு இப்பத்தான் நிச்சயம்னு மூணு விவரம் கிடைச்சா போதும், குன்னூர் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறவன் கூட ஆளச் சொல்லிடுவான்.